வியாழக்கிழமை இரண்டு ரிங்

போன மாதம் செட்டிகுளம் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்தவர் செல்லில் எதையோ பார்த்துக்கொண்டு வந்தார். மியூசிக் காதில் விழுந்ததும் திரும்பினேன். பழைய போலீஸ் நாடகம். இன்ஸ்பெக்டர் ஜீப்பிலிருந்து இறங்கித் தொப்பியைச் சரிசெய்கிறார். அதே ஜீப். அதே தொப்பி.

இதெல்லாம் இப்போது கிடைக்கிறதா என்று கேட்டேன்.

"மொத்தமும் இருக்குங்க. மொத வாரத்துலேருந்து கடைசி வாரம் வரைக்கும். நம்பர் சொல்லுங்க, அனுப்பிவுடறேன்," என்றார்.

வேண்டாம் என்றேன். மலை தெரிய ஆரம்பித்தது. இறங்குகிறவரைக்கும் எனக்குப் பூத் அக்கா ஞாபகம்தான்.

பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் எஸ்டிடி பூத் வைத்திருந்தார். அவருக்கும் பேர் உண்டு. யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. சின்ன வயதில் போலியோ வந்து இடது கால் சூம்பிப்போயிருந்தது. ஊனமுற்றோர் ஒதுக்கீட்டில்தான் பூத் கிடைத்தது. முன்னால் கண்ணாடிக் கூண்டு, அதற்குள் போன். கூண்டுக்கு வெளியே மேசை போட்டு அக்கா உட்கார்ந்திருப்பார். பின்னால் ஒரு அறை, அதுதான் வீடு. காலையில் ஆறு மணிக்கு அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் ராத்திரி பூட்டும்வரை ஆறேழு முறைதான் எழுந்திருப்பார்.

நான் ஆறாவதோடு நின்றவன். அரியலூரில் டிவியும் வீடியோ டெக்கும் வாடகைக்கு விடுகிற கடையில் வேலை பார்த்தேன். கல்யாணம், காதுகுத்து என்றால் சைக்கிள் கேரியரில் டிவியைக் கட்டி எடுத்துப்போய் மாட்டிக்கொடுத்துவிட்டு, மறுநாள் போய் எடுத்துவருவேன். கடைக்குப் பின்னாலேயே ஒரு ரூமில் இருந்தேன். தனியாக.

எங்கள் முதலாளி ஒரு பழைய டெக்கை அக்காவுக்கு விற்றார். அதை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். மாட்டிக்கொடுத்து, வியாழக்கிழமை எட்டு மணி போலீஸ் நாடகத்தை எப்படிப் பதிவு செய்வது என்று சொல்லிக்கொடுத்தேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். கடைசியில் ஒரு கேள்வி.

"கரண்டு போயிட்டா?"

"போனா போனதுதாங்க்கா."

"பாதியில நின்னுடுமா?"

"ஆமாங்க்கா."

முகம் வாடிப்போனது. எனக்கு டீ வரவழைத்தார். அப்புறம் நான் எந்த ஊர், அங்கே எத்தனை மணிக்குக் கரண்டு போகும் என்று விசாரித்தார். பெரம்பலூரில் போகிற நேரத்தில் அரியலூரில் பெரும்பாலும் இருக்கும். அதை அவர் எனக்கு முன்னாலேயே கண்டுபிடித்துவிட்டார். அன்றிலிருந்து ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ரெண்டு ஊர் ஈபி ஆபீசுக்கும் போன் போட்டு, நேற்று எப்போது போனது, எப்போது வந்தது என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதிவைத்தார்.

அப்படித்தான் அந்த ஏற்பாடு வந்தது. வியாழக்கிழமை எட்டு மணிக்கு அவர் பெரம்பலூரில் பதிவு செய்வார். நான் அரியலூரில் பதிவு செய்வேன். அவருக்கு ஒழுங்காக வந்துவிட்டால் என் கேசட் வேண்டாம், அடுத்த வாரம் அதிலேயே எடுத்துக்கொள்ளலாம். அங்கே கரண்டு போய்விட்டால் எங்கள் கடைக்கு இரண்டு ரிங் விட்டு வைத்துவிடுவார். கரண்டு போனாலும் போன் வேலை செய்யுமே. இரண்டு ரிங் என்றால், என் கேசட்டை அழிக்காமல் வைத்திருக்க வேண்டும். நான் போனை எடுக்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை கேசட்டைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, வெறும் கேசட் ஒன்று வாங்கி வர வேண்டும்.

இதற்கு எனக்கு என்ன லாபம் என்று முதலாளி கேட்டார். ஒன்றுமில்லை. ஞாயிற்றுக்கிழமை போவதற்கு எனக்கு ஒரு இடம் இருந்தது.

பூத்துக்கு எதிரில் ஒரு பூக்காரம்மா உட்கார்ந்திருக்கும். நான் கேசட்டோடு பஸ்ஸை விட்டு இறங்குவதைப் பார்த்தால், "ஏட்டு வந்துட்டாரு, சாட்சியக் கூட்டிக்கிட்டு," என்று சத்தமாகச் சொல்லும். ரெண்டு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். அக்கா சிரிக்க மாட்டார். கேசட்டை வாங்கி, பின்னறைக்குப் போய், ஓட்டி, கடைசிக் காட்சி வந்திருக்கிறதா என்று முதலில் பார்ப்பார். வந்திருந்தால்தான் எனக்கு டீ.

கேசட்டின் முதுகில் ஓரமாக ஒரு சின்னப் பிளாஸ்டிக் துண்டு இருக்கும். அதை உடைத்துவிட்டால் அதன்மேல் வேறு எதையும் பதிவு செய்ய முடியாது. அக்கா பூத் சாவியால் அதை உடைப்பார். டக்கென்று ஒரு சத்தம்.

"பூட்டியாச்சு," என்பார்.

ஒவ்வொரு கேசட்டுக்கும் இதே வார்த்தை. உடைந்த துண்டைப் பவுடர் டப்பாவில் போட்டுக்கொள்வார். எஸ்டிடி பில் வருகிற பேப்பர் ரோலில் ஒரு முழம் கிழித்து, பின்பக்கம் நம்பரும் கேஸ் விவரமும் எழுதி ஒட்டிப் பீரோவில் அடுக்குவார். 'பேங்க் வாட்ச்மேன் கேஸ்.' 'கிணத்துல நகை கேஸ்.' யார் குற்றவாளி என்று மட்டும் எழுத மாட்டார். ஏன் என்று கேட்டேன். எடுத்துப் பார்க்கிறவருக்கு முன்கூட்டித் தெரிந்துவிடுமே என்றார். அந்தப் பீரோவைத் திறந்து கேசட் எடுக்க அவரைத் தவிர ஆள் கிடையாது.

எதுவும் பாதியில் நிற்கக் கூடாது அவருக்கு. வடை மடித்து வந்த பேப்பரில் செய்தி பாதியில் கிழிந்திருந்தால், மீதிப் பாதி வேறு யாருக்காவது மடித்துப் போயிருக்கிறதா என்று பூக்காரம்மாவை டீக்கடைக்கு அனுப்புவார். "அடுத்தவன் எச்சக் காயிதத்துக்கெல்லாம் நான் அலையணுமா?" என்று திட்டிக்கொண்டே அந்த அம்மா போகும். ஒருதடவை எண்ணெய்க் கறையோடு கொண்டுவந்தும் கொடுத்தது. லாரியில் அடிபட்ட யாரோ பிழைத்துக்கொண்டார் என்று அதில் இருந்தது. அக்கா அன்று முழுக்க நன்றாகப் பேசினார்.

ஆனால் பூத்தில் அவருக்கு வாய்த்தது முழுக்கப் பாதிதான். கூண்டுக் கதவு சரியாக மூடாது. இந்தப் பக்கம் பேசுவது மட்டும் கேட்கும். "அப்படியா?" என்று ஒருவர் கேட்பார். "எப்ப?" என்பார். முகம் மாறும். வெளியே வந்து காசு கொடுத்துவிட்டுப் போய்விடுவார். என்ன ஆனது, யாருக்கு ஆனது, ஒன்றும் தெரியாது. ஒரு நாளைக்கு நாற்பது ஐம்பது பேர் இப்படி.

டெக் வாங்குவதற்கு முன்னால் நடந்ததை அவரே ஒரு ஞாயிற்றுக்கிழமை சொன்னார். குரும்பலூர்ப் பெண் ஒருத்தி. புருஷனோடு சண்டை போட்டுக்கொண்டு அம்மா வீட்டுக்கு வந்துவிட்டது. வாரம் ஒருநாள் பூத்துக்கு வந்து புருஷன் வீட்டுக்குப் பேசும். ஒருநாள் அழுதுகொண்டே, "நான் வந்துடறேன், நீங்க கூப்பிட வாங்க," என்று சொல்லிவிட்டுப் போனது. அப்புறம் வரவேயில்லை. போய்ச் சேர்ந்துவிட்டதா இல்லையா என்று அக்காவுக்குத் தூக்கமில்லை. பில்லில் நம்பர் இருந்தது. பத்து நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, அந்த வீட்டுக்குப் போன் போட்டு, பொண்ணு நல்லபடியா வந்து சேர்ந்ததா என்று கேட்டுவிட்டார்.

எடுத்தது மாமியார். யார் நீ, எங்கள் வீட்டுக் கதையைக் கடைத்தெருவில் வைத்துப் பேசுகிறாளா அவள் என்று ஆரம்பித்தது. அந்த வாரம் கூப்பிட வருவதாக இருந்த புருஷன் வரவில்லை. அப்புறமும் வரவில்லை.

அந்தப் பெண் பூத்துக்கு வந்து மேசைக்கு முன்னால் நின்றதாம். கத்தவில்லையாம்.

"ஒங்களுக்கு என்னக்கா அதுல?" என்று கேட்டதாம். அவ்வளவுதான்.

"அதுக்கு என்னா பதில் சொல்றது?" என்றார் அக்கா. "அதுக்கப்புறந்தான் தம்பி ஒங்க கடையில டெக்கு கேட்டேன். நாடகத்துல கடைசி வரைக்கும் தெரிஞ்சுகிட்டா யாருக்கும் ஒன்னும் ஆவாது."

நான் வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். என் பெண்டாட்டியும் அப்போது அவள் அம்மா வீட்டில்தான் இருந்தாள், திருமானூர் பக்கம். கல்யாணமாகி எட்டு மாதத்தில் திருவிழாவுக்கென்று போனவள் திரும்பவில்லை. சண்டை எதுவும் நடக்கவில்லை. காரணம் அவளுக்குத் தெரியும். நான் போய்க் கேட்கவில்லை. பெரியவர்கள் உட்கார்ந்து பேசித் தீர்த்து எழுதிக் கொடுத்துவிட்டார்கள். இதை நான் அக்காவிடம் சொன்னதில்லை. யாரிடமும் சொன்னதில்லை.

அரிசிமில் கேஸ் வந்தது அதற்கடுத்த ஐப்பசியில். ரெண்டு வாரக் கதை. மில் முதலாளி செத்துக் கிடக்கிறார், பெண்டாட்டி விழுந்து விழுந்து அழுகிறாள். தம்பி மேல் சந்தேகம், கணக்குப்பிள்ளை மேல் சந்தேகம், டிரைவர் மேல் சந்தேகம். இன்ஸ்பெக்டர் மூன்று பேரையும் நிற்கவைத்து, "எனக்குத் தெரிஞ்சுடுச்சு," என்கிறார். முதல் வாரம் அதோடு முடிந்தது.

மறு வாரம் வியாழக்கிழமை நல்ல மழை. என்னிடமிருந்த கேசட்டை மதியமே டெக் கடித்துவிட்டது. நாடா உள்ளே சிக்கிக் கசங்கிப் போனது. முதலாளி ஊரில் இல்லை. கடை அலமாரிச் சாவி அவரிடம். மணி ஏழேமுக்கால். என் ரூமில் ஒரே ஒரு கேசட் இருந்தது. என் கல்யாண கேசட்.

ஒன்றேகால் மணி நேரம் ஓடும். எடுத்த வீடியோக்காரர் அந்தப் பிளாஸ்டிக் துண்டை உடைக்காமலே கொடுத்திருந்தார். அதைக் கொளுத்திப் போடு என்று என் அண்ணன் எத்தனையோ தடவை சொல்லியிருந்தான். அப்போதே போட்டுவிட்டேன் என்று சொல்லியிருந்தேன்.

வேறு கேசட் இல்லாததால் எடுத்தேன் என்று சொல்லலாம். அது முழு உண்மை இல்லை. அழிந்தால் அழியட்டும் என்றும் இருந்தது. நாடாவை முதலுக்குச் சுற்றிவைத்து, எட்டு மணிக்குச் சிவப்புப் பொத்தானை அழுத்தினேன். எட்டே காலுக்குப் போன் அடித்தது. இரண்டு ரிங். நின்றது. பெரம்பலூரில் கரண்டு போய்விட்டது.

ஒன்பது மணிக்கு நாடகம் முடிந்தது. பதிவை நிறுத்தினேன். சரியாக வந்திருக்கிறதா என்று ஓட்டிப் பார்த்தேன். வந்திருந்தது. கடைசிப் பாட்டு முடிந்து, படம் ரெண்டு தடவை குதித்து, கோடு கோடாக வந்து, அப்புறம் கல்யாணப் பந்தி தெரிந்தது. அவள் இருந்தாள். தாலி கட்டியது போய்விட்டது. கடைசிப் பதினைந்து நிமிடம் மிச்சம் இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை வெறுங்கையோடு போனேன். பூக்காரம்மாகூட ஒன்றும் சொல்லவில்லை.

"இங்கயும் கரண்டு போயிடுச்சுக்கா," என்றேன்.

அக்கா மேசையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் நோட்டு இருந்தது. வெள்ளிக்கிழமை காலையில் அரியலூர் ஈபி ஆபீசுக்கும் பேசியிருப்பார். எங்கள் ஊரில் அன்றைக்குக் கரண்டு போகவே இல்லை. அது அவருக்குத் தெரியும். தெரியும் என்பது எனக்கும் தெரியும்.

"சரி தம்பி," என்றார். டீ வந்தது.

பீரோவில் அந்த நம்பருக்கு ஒரு காலி உறையை வைத்தார். 'அரிசிமில் கேஸ், ரெண்டாம் பாகம்' என்று எழுதி ஒட்டினார்.

அப்புறம் மாதக்கணக்கில் பூத்துக்கு வருகிறவர்களை எல்லாம் கேட்டார். லைன் கிடைக்கிறவரைக்கும் சும்மாதானே நிற்கிறார்கள். கண்டக்டர் ஒருவர் தம்பிதான் கொன்றவன் என்றார். ஈபி லைன்மேன் கணக்குப்பிள்ளை என்று அடித்துச் சொன்னார், அவர் ஊரிலும் கரண்டு இல்லை என்பது பிறகு தெரிந்தது. பூக்காரம்மா ரெண்டாம் வாரத்தைப் பார்க்காமலேயே தீர்ப்புச் சொன்னது.

"பொண்டாட்டிதான். அவ அழுத அழுகையப் பாத்தீல்ல? அவ்வளவு அழுகை ஆவாது."

எல்லாரையும் கேட்டவர் என்னை மட்டும் கேட்கவில்லை. ஒருநாள்கூட.

அந்தக் கேசட்டை நான் காப்பி போட்டுக் கொடுத்திருக்கலாம். கடையில் ரெண்டு டெக் இருந்தது. முதலாளி எப்போதும் கூடவே இருப்பார். ஓட்டினால் பார்ப்பார், கேட்பார். விட்டுவிட்டுப் போனவளை இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று ஊர் சொல்லும். அதனால் இன்றைக்கு, நாளைக்கு என்று போயிற்று. கேசட் என் துணிப்பெட்டி அடியில் இருந்தது.

வருஷங்கள் போயின. எல்லார் கையிலும் செல் வந்தது. பூத்துக்கு ஆள் குறைந்தது. நாற்பது ஐம்பது பேர் வந்த இடத்தில் நாலைந்து பேர், அதுவும் சில்லறை கேட்டு. யாரும் எதையும் பாதி பேசிவிட்டுப் போகிறதில்லை. கூண்டுக்குள் பூக்காரம்மா கூடையை வைத்துக்கொண்டது. நாடகமும் ஒரு வியாழக்கிழமை முடிந்துபோனது. கடைசி வாரத்தைப் பதிவு செய்து, பூட்டியாச்சு என்று சொல்லி, பீரோவைச் சாத்தினார். எங்கள் கடையும் மூடியாகிவிட்டது. நான் சுண்ணாம்புக்கல் லாரியில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் எப்போதும்போலப் போவேன். டெக்குக்கு ஹெட் துடைப்பேன், பெல்ட் மாற்றுவேன். ஏதாவது ஒரு பழைய கேஸ் போட்டுப் பார்ப்போம்.

ஒரு சனிக்கிழமை அவரிடமிருந்து போன் வந்தது. ரிங் இரண்டோடு நிற்கவில்லை. எடுத்தேன். பூத்தை ஒப்படைத்துவிட்டதாகவும், தன் கூடப்பிறந்த தம்பி திருப்பூரிலிருந்து வேன் கொண்டுவருவதாகவும், திங்கட்கிழமை கிளம்புவதாகவும் சொன்னார். நாளைக்கு வந்து போ என்றார்.

பெட்டியிலிருந்து கேசட்டை எடுத்தேன். பஸ்ஸில் அவர் என்ன கேட்பார், நான் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே போனேன். பதில் ஒன்று தயார் செய்து வைத்திருந்தேன்.

பாதிச் சாமான் அட்டைப்பெட்டிகளில் ஏறியிருந்தது. டெக் மட்டும் இன்னும் கழற்றப்படவில்லை. கேசட்டை மேசையில் வைத்தேன்.

"அரிசிமில்லுக்கா," என்றேன்.

அக்கா கேசட்டைப் பார்த்தார். அதன்மேல் வீடியோக்காரர் ஒட்டிய மணவறைப் படம் பாதி கிழிந்து இருந்தது. எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து, தானே டெக்கில் போட்டார். ரிமோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் தரையில் உட்கார்ந்தேன். மதியம் மூன்று மணி இருக்கும்.

ஒரு மணி நேரமும் அசையவில்லை. கடைசியில் இன்ஸ்பெக்டர் டிரைவர் தோளில் கை வைத்தார்.

"டிரைவரு," என்றார் அக்கா. அப்புறம், "அந்தப் பூக்காரம்மா பொண்டாட்டின்னு சொல்லிக்கிட்டுக் கெடந்துச்சே," என்றார்.

கடைசிப் பாட்டு முடிந்ததும் நிறுத்திவிடுவது அவர் வழக்கம். கட்டைவிரல் பொத்தான்மேல்தான் இருந்தது. படம் குதித்தது. கோடு வந்தது. பந்தி வந்தது.

அவள் தலையைக் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் மாலையோடு நான். மீசை அப்போது மெல்லிசு. வீடியோ லைட் மேலே பட்டதும் நிமிர்ந்து, இடது கையால் கண்ணை மறைத்துக்கொண்டு ஏதோ சொன்னாள். நானும் அவள் பக்கம் திரும்பி ஏதோ சொன்னேன். வீடியோக்காரர் அதன்மேல் சினிமாப் பாட்டைப் போட்டுவிட்டார். அவள் என்ன சொன்னாள் என்று எனக்கு ஞாபகம் இல்லை. இனி எத்தனை தடவை ஓட்டினாலும் பாட்டுத்தான் கேட்கும்.

அக்கா ஒருமுறை என்னைப் பார்த்தார். மறுபடி டிவியைப் பார்த்தார். விரலை எடுத்துவிட்டார். பதினைந்து நிமிடமும் ஓடியது. திரை வெறும் புள்ளியாக இரைந்தது. இப்போது கேட்பார் என்று காத்திருந்தேன். யார் இது, எங்கே இப்போது, ஏன் போயிற்று. வடைப் பேப்பருக்கு ஆள் அனுப்பியவர். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

"அந்தப் புள்ள லட்டத் தொடவே இல்ல பாரு," என்றார்.

"அதுக்கு இனிப்பு பிடிக்காதுக்கா," என்றேன்.

அவள் போனபிறகு அவளைப் பற்றி நான் வாய்விட்டுச் சொன்னது அதுதான்.

அக்கா தலையாட்டினார். வேறு ஒன்றும் கேட்கவில்லை. கேசட்டை வெளியே எடுத்தார். வச்சுக்குங்கக்கா, இது ஒங்க கேசட்டு என்றேன். காதில் வாங்கவில்லை. இடுப்பிலிருந்து பூத் சாவியை எடுத்து, கேசட்டின் முதுகைத் தடவிப் பார்த்து, அந்தத் துண்டில் வைத்து அழுத்தினார். டக்கென்றது.

"பூட்டியாச்சு தம்பி. இனிமே இதும்மேல யாராலயும் ஒன்னும் எடுக்க முடியாது. ஒன்னாலயும் முடியாது."

கேசட்டை என் கையில் கொடுத்தார். துண்டைப் பவுடர் டப்பாவில் போட்டுக்கொண்டார்.

மறுநாள் லாரிக்குப் போகாமல் சாமான் ஏற்ற வந்தேன். கேசட் மட்டும் பதினோரு பெட்டி. காலி உறையும் அதன் நம்பரில், அதன் இடத்தில் அப்படியே இருந்தது. டெக்கை நீயே வச்சுக்க என்றார். பூக்காரம்மா ஒரு முழம் மல்லி கொடுத்து, "போலீஸ் ஸ்டேஷனையே தூக்கிக்கிட்டுப் போறியே," என்று சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்தது. வேன் கிளம்பும்போது அக்கா பில் பேப்பரில் ஒரு நம்பர் எழுதிக் கொடுத்தார். திருப்பூர் வீட்டு லேண்ட்லைன்.

பேசியதில்லை. பேச என்ன இருக்கிறது என்று இருந்துவிட்டேன். டெக் இப்போது ஓடாது. பெல்ட் எங்கும் கிடைப்பதில்லை. கேசட் இருக்கிறது.

செட்டிகுளத்திலிருந்து வந்த வாரம், வியாழக்கிழமை, அந்தத் துண்டுச் சீட்டைத் தேடி எடுத்தேன். மை வெளுத்திருந்தது, நம்பர் தெரிந்தது. எட்டு மணிக்குப் போட்டேன். இந்தக் காலத்தில் லைன் இருக்காது என்றுதான் நினைத்தேன். ரிங் போனது.

இரண்டு அடித்ததும் வைத்துவிட்டேன்.